சமநிலத்து ஓட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலாக்கா மாநிலத்துப் பத்து பெரண்டாம், செங், பாயா ரும்புட், டுரியான் துங்கல், ஆயர் குரோ, ஜாசின், மெர்லிமாவ் ஆகிய ஊர்களிலும் அவற்றை ஒட்டிய தோட்டங்களிலும் வாழும் தமிழ் ஓட்டக்காரர்களுக்கு:

அரை மாரத்தானையும் மாரத்தானையும் ஓடி முடித்து, அடுத்து அல்ட்ரா மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்களை நோக்கியே இம்மடல் எழுதப்படுகிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் பன்னாட்டுத் தடகளச் சம்மேளனத்தால் நிலைநிறுத்தப்பட்ட 42.195 கிலோமீட்டர் என்பதே மாரத்தானின் தொலைவு. அதைத் தாண்டும் எந்த ஓட்டமும், 50 கிலோமீட்டராயினும் 100 மைலாயினும், அல்ட்ரா என்றே வழங்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு ஓடப்பட்டுவரும் காம்ரேட்ஸ் ஓட்டம் தார்ச்சாலையில் நடப்பது. 1974இல் கலிபோர்னியாவில் குதிரைகளுக்கான 100 மைல் போட்டியில் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையில்லாமல் தம் கால்களாலேயே ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்ததோ, காட்டுப் பாதைகளிலும் மலைச்சரிவுகளிலும் நடைபெறும் ட்ரெயில் அல்ட்ராவுக்கு வழிதிறந்தது. சபாவில் 2011இல் தொடங்கிய டிஎம்பிடி, தைப்பிங் மலைகளைச் சுற்றி நடைபெறும் மலேசிய அல்ட்ரா ட்ரெயில் போன்ற நாடறிந்த போட்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை என்பதால், மலாக்காவிலிருந்து புறப்படும் ஓட்டக்காரர் எதிர்கொள்ளப்போவது தொலைவை மட்டுமன்று, ஏற்ற இறக்கத்தையும்தான்.

மலாக்கா மாநிலத்தின் பெரும்பகுதி கடலோரச் சமநிலமும் தாழ்ந்த குன்றுகளுமாகும். விமான நிலையத்துக்கு இடம் கொடுக்கும் அளவுக்குப் பத்து பெரண்டாம் தட்டையான ஊர். அங்குள்ள தாமான் வீதிகளில் வாரந்தோறும் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும், ஓடுபவரின் கால்கள் ஒரே வகையான உழைப்பையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. நீண்ட நேரம் காலில் நிற்கும் பயிற்சியையும் வெப்பத்தைத் தாங்கும் பயிற்சியையும் இந்த ஊர் தாராளமாகத் தருகிறது. மலையிறங்கும் பயிற்சியைத் தருவதில்லை. சமநிலத்து ஓட்டக்காரர் மலைப்போட்டியின் பிற்பாதியில் தளர்வதற்கு மூச்சுக் குறைவைவிடத் தொடைத் தசையின் சேதமே பெருங்காரணம் என்பதும், அந்தச் சேதம் ஏறும்போதன்றி இறங்கும்போதே நேர்கிறது என்பதும் இம்மடல் வலியுறுத்த விரும்பும் முதன்மையான செய்தி.

இதன் காரணம் தசையின் இயக்கத்திலேயே இருக்கிறது. மேட்டில் ஏறும்போது தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை சுருங்கியபடி உடலை மேலே தள்ளுகிறது; சரிவில் இறங்கும்போதோ, ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தாங்கி நிறுத்தும் பொருட்டு அதே தசை விசையைச் செலுத்திக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. விசையோடு கூடிய இந்த நீட்சி தசைநார்களில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாதபடி எழும் வலி அதன் விளைவே. ஆயினும், ஒருமுறை இவ்வாறு சேதமுற்றுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்துடன் செய்யும் தன்மையைப் பெற்றுவிடுகிறது என்பதை உடலியல் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. ஆகவே நாள்தோறும் மலைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, அளவறிந்து கூட்டப்படும் இறக்கப் பயிற்சி இருந்தாலே போதும். மலையில்லாத ஊரில் வாழ்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

இறக்கத்தை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு விடை அருகிலேயே தொடங்குகிறது. அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டில் மின்தூக்கியைத் தவிர்த்து இறங்குவது மிக எளிய தொடக்கம். புக்கிட் பெருவாங் குன்றில் ஒரே சரிவை ஏறியும் இறங்கியும் பலமுறை கடப்பது அதற்கடுத்த படி. நகரத்தின் நடுவிலுள்ள புக்கிட் சீனாவிலும் மெதுவோட்டக்காரர்கள் காலையும் மாலையும் ஓடுகின்றனர். எனினும் அது ஆயிரக்கணக்கான கல்லறைகளைக் கொண்ட இடுகாடு என்பதால், பாதையைவிட்டு விலகாமலும் சத்தமின்றியும் ஓட வேண்டிய கடமை அங்கே உண்டு. இவற்றுக்குமேல் உண்மையான மலை வேண்டுமென்றால், மலாக்கா–ஜொகூர் எல்லையில் 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் லேடாங் மலையை நாட வேண்டும்.

லேடாங் மலைக்கு ஜொகூர் பக்கம் தங்காக்கை அடுத்த சாகிலிலிருந்தும், மலாக்கா பக்கம் ஜாசின் மாவட்டத்து ஆசகானிலிருந்தும் பாதைகள் செல்கின்றன. மேற்பகுதியில் வேர்கள் பின்னிக்கிடக்கும் செங்குத்தான மண்சரிவும், கயிற்றைப் பிடித்தும் ஏணியில் கால்வைத்தும் கடக்க வேண்டிய பாறைகளும் உள்ளமையால், அது ஓடுவதற்கான மலையன்று, கால்களுக்குக் கல்வி தரும் மலை என்றே கொள்ள வேண்டும். இறங்கும்போது உடலைப் பின்னுக்குச் சாய்த்து நீண்ட அடி வைப்பவர் குதிகாலால் நிலத்தை இடித்து ஒவ்வோர் அடியிலும் தம்மைத் தாமே நிறுத்துகிறார். முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பாதத்துக்கு நேர்மேலே வைத்து, அடியைச் சிறிதாக்கி விரைவாக வைப்பவரோ அதே சரிவை மிகக் குறைந்த அதிர்வுடன் கடக்கிறார். பார்வை பாதத்தில் நில்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னே சென்று, அடுத்த வேரையும் வழுக்குப் பாறையையும் முன்கூட்டியே கண்டறிய வேண்டும். ஈரமான வேரின் மேல் கால் வைப்பதைவிட அதைத் தாண்டுவது எப்போதும் பாதுகாப்பானது. இத்தகைய நுட்பங்கள் தட்டையான வீதியில் எவருக்கும் வாய்ப்பதில்லை.

ஆசகான் என்ற பெயர் மலாக்காத் தமிழருக்கு மற்றொரு வகையிலும் நெருக்கமானது. டான் சாய் யான் என்ற வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டதே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். அதன் வெற்றியைத் தொடர்ந்து அவர் பெரிய அளவில் தோட்டம் அமைத்த இடம் லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் ஆசகான். பின்னர் மலாயா முழுவதும் பரவிய ரப்பர்க் காடுகளில் பால் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழர். மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்பொழுதில்தான் பால் நன்றாகச் சுரக்கும் என்பதால், இருட்டிலேயே பெரட்டு எனப்படும் வருகைப்பதிவுக்குப் போய், நிரை நிரையாக நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி நடந்து வெட்டிய தலைமுறை அது. இந்த வரலாற்றை நினைவுகூர்வது தகும். ஆனால் "நடந்து பழகிய இரத்தம்" என்று சொல்லிக்கொண்டு பயிற்சியைச் சுருக்கிக்கொள்வது தகாது. உழைத்துப் பெற்ற தசைத்திறன் பரம்பரையாக வந்துசேரும் சொத்தன்று. இன்றைய பத்து பெரண்டாம் தமிழரில் பலர், 1970களில் அங்கு எழுந்த தடையற்ற வாணிப வட்டாரத்தின் தொழிற்சாலைகளில் குளிரூட்டப்பட்ட கூடத்தில் முறைவேலை பார்ப்பவர்கள். தாத்தாவின் கால்கள் பேரனுக்கு வேண்டுமென்றால் பேரன்தான் அவற்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அதை உருவாக்கும் வழி நெடு ஓட்டம். வாரத்தில் ஒருமுறை மற்ற நாள்களைவிட மிக நீண்ட நேரத்துக்கு, அருகில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் செல்வதையே பயிற்றுநர்கள் அப்பெயரால் குறிக்கின்றனர். இந்த மெதுவான வேகத்தில் தசைநார்களைச் சுற்றி நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுகின்றன. சேமித்த மாவுப்பொருளைச் சிக்கனமாகச் செலவிட்டுக் கொழுப்பை எரிக்கும் பழக்கம் உடலுக்கு வருகிறது. விரைந்து ஓடினால்தான் பயிற்சி என்று கருதும் இளைஞர்கள் ஒவ்வொரு நெடு ஓட்டத்தையும் போட்டியாக்கிக்கொண்டு, இரண்டு மாதத்தில் முழங்காலையோ கணுக்காலையோ கெடுத்துக்கொள்வது வருந்தத்தக்கது. தடத்தில் ஓடும்போது கிலோமீட்டரை எண்ணுவதும் பயனற்றது. மழைக்குப் பின் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் கடக்கும் 15 கிலோமீட்டர், தார்ச்சாலையின் 25 கிலோமீட்டருக்கு ஈடாகலாம் என்பதால், மணிக்கணக்கே சரியான அளவுகோல். 50 கிலோமீட்டர் போட்டிக்கு ஆறு மாதம் ஒதுக்கி, இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, மூன்று வாரம் கூட்டி நான்காம் வாரம் குறைத்து, ஐந்து மணி நேரம் வரை உயர்த்தினால் போதும். போட்டியின் முழுத் தொலைவையும் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மூன்று மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் அடுத்தடுத்து ஓடுவது, களைத்த காலோடு ஓடும் பழக்கத்தைத் தரும். இறுதி இரண்டு மூன்று வாரங்களில் ஓட்டத்தைக் கணிசமாகக் குறைத்து உடலைத் தேறவிடுவதும் பயிற்சியின் பகுதியே.

முறைவேலை செய்பவருக்கு இந்த வார அட்டவணை அப்படியே பொருந்தாது. இரவு வேலை முடித்து வந்த காலையில் நெடு ஓட்டத்துக்குப் புறப்படுவது, தடத்தில் தடுமாறுவதற்கும் அதைவிடக் கேடாக வண்டியோட்டும்போது கண்ணயர்வதற்கும் இடம்கொடுக்கும். ஞாயிறு என்று நாள் குறிக்காமல், வேலைச் சுழற்சியில் இரவு வேலை முடிந்து இரண்டாவது தூக்கத்துக்குப் பிறகு வரும் ஓய்வு நாளையே நெடு ஓட்டத்துக்கு வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை.

நடையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. அல்ட்ராவில் நடப்பது தோல்வி என்ற எண்ணம் இங்கு வேரூன்றியிருக்கிறது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் ஓட முயல்பவருக்கும் வேகமாக நடப்பவருக்கும் நேர வேறுபாடு சிறிது, ஆற்றல் செலவின் வேறுபாடு பெரிது. அதனால்தான் உலகின் முன்னணி மலையோட்டக்காரர்களும் ஏற்றங்களில் கைகளைத் தொடையில் ஊன்றி நடக்கின்றனர். 1998இல் கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டில் மலேசியாவுக்கு 50 கிலோமீட்டர் பெருநடையில் தங்கம் பெற்றுத் தந்தவர் கோவிந்தசாமி சரவணன் என்ற தமிழர் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். மாரத்தானைவிட நீண்ட தொலைவை, இந்நாட்டின் வெப்பத்தில், நடந்தே கடந்து வென்ற ஒருவரைப் பெற்ற சமூகம் நடையைக் குறைவாக எண்ணுவதற்கு நியாயமே இல்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பூமத்தியரேகைக்கு இரண்டு பாகை வடக்கே பிறந்து வளர்ந்தவருக்கு அது இயல்பாகவே பழகியிருக்கும் என்ற நம்பிக்கை பாதியளவே உண்மை. வெப்பத்துக்குப் பழகுவது என்பது குருதியின் நீர்ப்பகுதி பெருகுதல், வியர்வை விரைவாகத் தொடங்குதல், வியர்வையோடு வெளியேறும் உப்பு குறைதல் ஆகிய மாற்றங்களின் தொகுப்பு. பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து வெயிலில் உழைத்தால் அது அமைகிறது, சில வாரம் விட்டால் கலைகிறது. நாளெல்லாம் குளிர்க்கூடத்தில் வேலை செய்து விடியுமுன் மட்டும் ஓடுபவர் மலாக்காவிலேயே வாழ்ந்தும் வெயிலுக்குப் புதியவராகவே இருக்கிறார். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்திக்கொண்டதால் இங்கு சூரியன் எழுவதே காலை 7 மணியளவில்தான். 5 மணிக்குத் தொடங்கும் ஓட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருட்டிலேயே கழிகிறது. போட்டி நண்பகலையும் கடந்து நீளும் என்பதால், பயிற்சியின் கடைசிப் பகுதியையேனும் வெயிலேறிய பின் ஓடிப் பழக வேண்டும். இருட்டில் ஓடும் பகுதியைத் தார்ச்சாலையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் நல்லது. 2017 டிசம்பரில் கிள்ளானில் நடந்த மாரத்தானின்போது விடியுமுன் ஓட்டக்காரர்கள்மீது கார் மோதியது எவருக்கும் மறந்திருக்காது.

காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுவதால் உடல் போதிய அளவு குளிர்வதில்லை, நீரும் உப்பும் மட்டும் போகின்றன. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அதற்காக வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பது, குருதியிலுள்ள சோடியத்தின் செறிவைக் குறைத்து மூளை வீக்கம் வரை கொண்டுபோகும் ஆபத்துடையது. நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடையே இந்நிலையை 1985இல் முதன்முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ். தாகத்துக்கேற்பக் குடிப்பதும் உப்பைச் சேர்த்துக்கொள்வதும் போதுமானவை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால், நாள்முழுதும் வியர்த்தவருக்கு இளநீர் மட்டும் உப்பின் இடத்தை நிரப்பாது. இடுப்புவலிக்கும் கால்வலிக்கும் ஓட்டத்தின் நடுவே வலிமாத்திரை விழுங்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். நீரிழந்த உடலில் இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

உணவின் கணக்கும் கடினமானதன்று. ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பதால், 65 கிலோ எடையுள்ளவர் 50 கிலோமீட்டரைக் கடக்க, ஏற்றத்தைச் சேர்க்காமலே, 3,250 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் உள்ள மாவுப்பொருள் சேமிப்போ 2,000 கலோரி அளவிலேயே நிற்கிறது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொண்டால் பற்றாக்குறை தாங்கத்தக்கதாகும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. புளிச்சோற்று உருண்டையில் மாவுச்சத்தோடு உப்பும் இருக்கிறது. விலை மிகுந்த பசைப் பொட்டலங்களைத்தான் தின்ன வேண்டும் என்பதில்லை. எதைத் தின்றாலும், ஓடிக்கொண்டே செரிக்கும் பழக்கத்தை வயிற்றுக்கு நெடு ஓட்ட நாள்களிலேயே தந்திருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டையொட்டி இருந்தது. ஓட்டம் அவர்களுக்கு நன்மையே செய்யும். ஆயினும் இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரையோ எடுப்பவருக்கு மூன்று மணி நேர ஓட்டத்தின் நடுவிலும், அன்றிரவு தூக்கத்திலும்கூட, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசி முடிவு செய்யாமல் நெடு ஓட்டத்தைத் தொடங்குவது கூடாது.

தோட்டத்துத் தடங்களில் எலிக்காய்ச்சலும் ஓர் உண்மையான அபாயம். செம்பனைத் தோட்டங்களில் எலிகள் மிகுதி. அவற்றின் சிறுநீர் கலந்த வடிகால் நீரும் சேறும், மட்டையின் முள் கீறிய காலின் வழியாக நோயை உடலுக்குள் கொண்டுசேர்க்கும். 2000ஆம் ஆண்டில் சபாவில் நடைபெற்ற ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் 304 பேர் பங்கேற்றனர். பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு அந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டன, செகாமா ஆற்றில் நீந்தியது முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது. ஓடி முடித்ததும் கீறல்களைச் சோப்பிட்டுக் கழுவுவதும், அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால் தோட்டத்தில் ஓடியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்வதும் உயிர்காக்கும் செயல்கள். குளிரையும் அலட்சியம் செய்யலாகாது: 2021 மே மாதத்தில் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டத்தின் நடுவே காற்றும் ஆலங்கட்டி மழையும் தாக்கி 21 ஓட்டக்காரர்கள் உயிரிழந்தனர். லேடாங் உச்சி அத்தகைய குளிரிடமன்று. எனினும் களைத்து நனைந்த உடலுக்கு ஆயிரம் மீட்டர் உயரத்துக் காற்றே நடுக்கம் தரும் என்பதால் மெல்லிய மழைச்சட்டை ஒன்றும் ஊதலும் தலைவிளக்கும் பையில் இருந்தே ஆக வேண்டும். தோட்டமாயின் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டும், காப்புக் காடாயின் வனத்துறையின் அனுமதி பெற்றும், லேடாங்காயின் பதிவு செய்து வழிகாட்டியோடும் செல்வது சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் உரியது.

இவற்றையெல்லாம் தனியொருவர் செய்வது கடினம். ஒரு குழு செய்வது எளிது. குறிப்பாகத் தமிழ்ப் பெண்கள் ஓட விரும்பியும் விடியுமுன் தோட்டப் பாதையில் தனியே போக வீட்டார் ஒப்பாததால் நின்றுவிடுகின்றனர். அந்தத் தயக்கத்தைக் குறைகூறுவதைவிட, துணையை ஏற்பாடு செய்வதே தீர்வு. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குத் தேர் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, வந்தவர் யாரென்று கேளாமல் மோரும் பானகமும் வழங்கும் இளைஞர்கள் இவ்வட்டாரத்திலேயே இருக்கின்றனர். நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு வேண்டிய உதவி நிலையத்தை நடத்தும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.

ஆகவே இம்மடலின் வேண்டுகோள் இரண்டு தரப்பாருக்கும் உரியது. ஆலய இளைஞர் குழுக்களும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மேசையும் உப்பிட்ட மோரும் வாழைப்பழமும் முதலுதவிப் பெட்டியும் கொண்டு ஒரு தோட்டத் தடத்தின் முனையில் நிற்க முன்வரட்டும். பத்து பெரண்டாம் ஓட்டக்காரர்களே, நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மெதுவாக ஓடிப் பழகுங்கள். முதல் அல்ட்ராவுக்குப் பணம் கட்டுவதற்கு முன், நான்கு முறையேனும் லேடாங் மலையில் ஏறி இறங்கிவிட்டு வாருங்கள்.